வாசல்வரை வந்தவன்

பூசைக்கு மனைவியைக் கொண்டுவந்து விடுகிற கணவன்மார்கள் கடலூரில் நிறையப் பேர் உண்டு. விட்டுவிட்டு டீக்கடைக்குப் போவார்கள், பேப்பர் வாங்குவார்கள், பூசை முடிகிற நேரத்துக்கு ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். செம்பியன் எங்கும் போக மாட்டான். மஞ்சக்குப்பத்து மாதா கோயில் காம்பவுண்டுக்கு வெளியே ஒரு புங்கமரம் இருந்தது. அதன் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கடைசி ஆசீர்வாதம்வரை அங்கேயே நிற்பான்.

"உள்ள பெஞ்சு காலியாத்தான் இருக்கு மாப்ள" என்பாள் அவன் மாமியார் பாத்திமா மேரி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே.

"சர்வேயர் எப்பவும் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்தான் நிப்பான் அத்தை. உள்ள கால வெச்சா பட்டாக்காரர் சண்டைக்கு வருவாரு."

"எங்க பட்டாக்காரர் சண்டைக்கு வர்ற ஆளு இல்ல."

"அவரு வர மாட்டாரு. நீங்க வருவீங்களே."

பாத்திமா மேரி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போவாள். போகிற போக்கில் மகளின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளுவாள். 'இன்னும் கேக்கலையா நீ?' என்று அதற்கு அர்த்தம். ஆரோக்கிய அனிதா கேளாதவள்போல நடந்துவிடுவாள்.

அவனை அவள் முதலில் பார்த்ததே ஓர் அளவு டேப்பின் மறுமுனையில்தான். அவள் அறிவியல் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கும் பக்கத்து ரைஸ்மில்லுக்கும் சுவர்த் தகராறு. அளக்க வந்த சர்வேயரின் உதவியாள் அன்று வரவில்லை. "டீச்சர், இந்த முனைய கொஞ்சம் புடிங்க. நவுறக் கூடாது" என்றான். "நான் நவுற மாட்டேன், நீங்க ஒழுங்கா அளங்க" என்றாள் இவள். சுவர்த் தகராறு இன்றுவரை தீரவில்லை. இவர்களுக்கு 2004 மே மாதம் கல்யாணம் ஆகிவிட்டது. பேராயர் இல்லத்தில் அனுமதி வாங்கி, கோயிலிலேயே தாலி கட்டினான். ஞானஸ்நானம் பெறாதவன் என்பதால் நன்மை என்கிற நற்கருணை அப்பத்தை மட்டும் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முன்னால் நடந்த ஒன்று அவனுக்குத் தெரியாது. பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து வந்திருந்த அவன் அம்மா ஞானாம்பாள், கை கழுவுகிற சாக்கில் அனிதாவைத் தனியாகக் கூப்பிட்டாள். தினமும் விடியலில் நடராசர் கோயிலுக்குப் போய்வந்துவிட்டுத்தான் பல்லில் தண்ணீர் படவிடுகிற மனுஷி.

"எனக்கு நீ ஒரே ஒரு வார்த்த குடும்மா. எம்புள்ளைய மாத்திடாத. அவுங்க அப்பாவுக்குப் பெரியவன் கொள்ளி வெச்சிட்டான். எனக்கு இளையவன்தான் வெக்கணும். அவன் கை எனக்கு வேணும்."

"மாத்த மாட்டேன் அத்தை" என்றாள் அனிதா. அந்த வயதில், காதலிக்கிற மனசுக்கு, அது ஒரு பெரிய வாக்காகவே தோன்றவில்லை. தண்ணீர்ச் செம்பை நீட்டுவதுபோல நீட்டிவிட்டாள்.

அதற்கப்புறம் அந்த வாக்கு அவள் நாக்கில் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் ஜெபம் சொல்லும்போது அவன் பக்கத்து அறையில் டிவியின் சத்தத்தைக் குறைப்பான். தவக்காலத்தில் அவள் கறி சாப்பிடாத வெள்ளிக்கிழமைகளில் அவனும் சாம்பார் போதும் என்பான். மகள் அருள்மொழி பிறந்ததும் ஞானஸ்நானத்துக்கு அவனே ஓடியோடி ஏற்பாடு செய்தான். தொட்டியருகே மட்டும் வரவில்லை, வாசல்படியில் நின்று எட்டிப் பார்த்தான். 'நீங்களும் வாங்க' என்கிற இரண்டு சொல் அனிதாவின் தொண்டைவரை வரும். ஞானாம்பாளின் ஈரக்கை நினைவுக்கு வரும். விழுங்கிக்கொள்வாள்.

வாசலைத் தாண்டி அவன் உள்ளே வந்தது கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை. கல்யாணமான வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, பிரசங்கத்தின் நடுவில், செருப்புக் காலோடு ஓடிவந்து பீடத்துக்குக் கிட்டத்தில் நின்று, "ஃபாதர், கடல் உள்ள வருதாம். தேவனாம்பட்டினத்து ஜனங்க ரோடு முழுக்க ஓடிவர்றாங்க" என்றான். அன்று முழுக்க அவன் கடற்கரைப் பக்கம் பிணம் தூக்கினான். இருட்டி வீட்டுக்கு வந்து, சேற்றோடு படியில் உட்கார்ந்து, முதலில் சொன்னது இதுதான்: "செருப்போட உங்க கோயிலுக்குள்ள வந்துட்டேன், அனிதா. தப்பா எடுத்துப்பாங்களா?"

ஏழெட்டு வருஷம் இப்படியே போயிற்று. 'தானே' புயல் வந்து ஊரைப் புரட்டிப் போட்ட பிறகு வந்த ஞாயிறு, புத்தாண்டு. கரண்ட் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, ஆனாலும் பூசைக்குப் போனார்கள். புங்கமரம் வேரோடு சாய்ந்து காம்பவுண்டுச் சுவர்மேல் படுத்திருந்தது. செம்பியன் வண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வெயிலில் நின்றான்.

"உங்க சாமி என் இடத்த புடுங்கிட்டாரு டீச்சர். இப்ப எங்க நிக்கச் சொல்றாராம்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் கேட்டுவிட்டு வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் முகத்தையே பார்த்தான். அனிதாவின் வாய் திறந்தது.

"அந்த ஜெராக்ஸ் கடை ஓரமா நில்லுங்க. நெழல் இருக்கு" என்றாள்.

அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

ஆடி மாதம் அவன் கண் மஞ்சளாயிற்று. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள். பத்தியம் இருந்தும் குறையவில்லை. டெஸ்ட் எடுத்ததில் ஈரலைக் கிருமி எப்போதோ பிடித்து, வெளியே தெரியாமலே பெரும்பகுதியைத் தின்றிருக்கிறது என்றார்கள். ஒரு சொட்டுக் குடிக்காதவன். "குடிச்சிருப்பாரு, வெளிய தெரியாம" என்று பேசியவர்களும் இருந்தார்கள். சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருந்த அண்ணன் ராஜமாணிக்கம் கார் எடுத்துக்கொண்டு வந்து, "எங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்று அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அனிதா பள்ளிக்கு லீவு எழுதிப்போட்டுவிட்டு, ராஜமாணிக்கம் வீட்டுக்கும் வார்டுக்குமாக இருந்தாள். அருள்மொழி கடலூரில் பாட்டியோடு.

ஒருநாள் போனில் மகள் கேட்டாள்: "அம்மா, ஞானஸ்நானம் வாங்காதவுங்க மோட்சத்துக்குப் போக மாட்டாங்களாம். அப்பா வருவாரா?"

"யாரு சொன்னா?"

"எங்க கிளாஸ் பிரவீணா."

"பிரவீணாவுக்கு என்ன தெரியும். அப்பா எங்கயும் போகல. நீ சாப்பிட்டியா?"

போனை வைத்தாள். பிரவீணாவுக்குத் தெரியாது, சரி. தனக்குத் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் வருஷாவருஷம் அவள்தான் அந்தப் பாடத்தை எடுப்பாள். சாவு ஆபத்தில் ஃபாதர் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், சாதாரணத் தண்ணீர் போதும் என்று ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் தலையில் ஊற்றிக் காட்டுவாள். பிள்ளைகள் பொம்மையைத் துடைக்கச் சண்டை போடுவார்கள். "பெரியவுங்களா இருந்தா?" என்று யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்கள். "பெரியவுங்கன்னா அவுங்களே விரும்பிக் கேக்கணும். அவுங்க கேக்காம நாம ஊத்தினா அது வெறும் தண்ணி" என்று அவளும் தவறாமல் சொல்வாள்.

மறுநாள் செம்பியன் நினைவு தப்பினான். விஷம் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். கூப்பிட்டால் கண் இமை மட்டும் அசைந்தது, பிறகு அதுவும் இல்லை. ஞானாம்பாள் காலையில் கோயிலிலிருந்து கொண்டுவந்த திருநீற்றை அவன் நெற்றியில் பட்டையாக இட்டு, கொஞ்சம் வாயிலும் போட்டுவிட்டு, ராஜமாணிக்கத்தின் வற்புறுத்தலில் சாப்பிடப் போயிருந்தாள். மத்தியான வெயில். பக்கத்துக் கட்டில் அன்றுதான் காலியாகியிருந்தது.

கடலூரிலிருந்து பாத்திமா மேரி போனில் அழுதாள். "நீ எவ்ளோ பேரு புள்ளைங்களுக்கு சொல்லித் தர்ற. உம் புருஷன அப்படியே அனுப்பிடுவியா? எதுக்குடி நீ டீச்சரு?"

அனிதா தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தாள். பாடத்தில் தானே சொன்ன அந்த வாக்கியம் அவள் காதருகில் வந்து நின்றது. அதை அவள் பார்க்க மறுத்தாள். "செம்பியன், தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே உனக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." மூன்று முறை ஊற்றினாள். கட்டிய நாளிலிருந்து அவனை ஒருமுறைகூட 'நீ' என்றதில்லை. திருநீறு கரைந்து, புருவத்தில் இறங்கி, காதோரமாகத் தலையணைக்குப் போயிற்று. சேலைத் தலைப்பால் துடைத்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். உறங்குகிறவன் சட்டைப்பையில் கை விட்டதுபோல இருந்தது.

ஞானாம்பாள் திரும்பி வந்ததும் மகன் நெற்றியைத்தான் பார்த்தாள்.

"துன்னூறு எங்கம்மா?"

"மொகம் கழுவிவிட்டேன் அத்தை. வேர்த்துச்சு."

ஞானாம்பாள் தலையணையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரம் படாத பக்கத்தைத் திருப்பி வைத்தாள். சுருக்குப்பையிலிருந்து மறுபடியும் திருநீறு எடுத்து இட்டாள்.

அடுத்த நாள் காலை செம்பியன் கண் திறந்தான். தண்ணீர் கேட்டான். "அருள் எங்க?" என்றான். ராஜமாணிக்கம் ஓடிப்போய் இட்லி வாங்கிவந்தார். "நடுவுல இப்படித் தெளிவு வரும். நம்பிடாதீங்க" என்று டாக்டர் அனிதாவிடம் மட்டும் சொன்னார். கடலூரில் பாத்திமா மேரி நம்பிவிட்டாள். ஞானஸ்நானத் தண்ணீர்தான் உயிரைத் திருப்பிக் கொடுத்தது என்று தெரு ஜெபக்குழுவான அன்பியக் கூட்டத்தில் சொல்லி, எல்லோரும் சேர்ந்து நன்றி ஜெபம் சொல்லி, தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"மாப்ள கிட்ட சொல்லிட்டியா?" என்றாள் போனில்.

இல்லை. சொல்லத்தான் வேண்டும். ஊர்க்காரர்கள் வந்து கைகொடுத்துச் சொல்வதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். மாமியார் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, நான் ஒண்ணு பண்ணிட்டேன்."

"பண்ணு, பண்ணு. என் ஏடிஎம் நம்பர் உனக்குத் தெரியும்."

"விளையாடாதீங்க." அழாமல் சொல்லிவிட வேண்டும் என்று வேகமாகச் சொன்னாள். தண்ணீர், வார்த்தை, திருநீறு கரைந்தது, எல்லாம்.

அவன் கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தான். மஞ்சள் பாய்ந்த கண்ணில் என்ன இருக்கிறதென்று படிக்க முடியவில்லை.

"பேரு என்ன வெச்ச?"

"பேரா?"

"ஞானஸ்நானம்னா பேரு வெப்பாங்கல்ல. அந்தோணியா, ஆரோக்கியமா?"

"வெக்கல. செம்பியன்னுதான் சொன்னேன்."

"அத மட்டும் விட்டு வெச்சியே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நான் முழிச்சிக்கிட்டு எட்டு வருஷம் இருந்தேனே அனிதா. அப்ப ஒண்ணும் கேக்கல. தூங்கும்போது வந்து..."

அவள் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

"வெளிய மரத்துல ஒரு ஸ்பீக்கர் கட்டியிருப்பாங்க. ஞாபகம் இருக்கா? காத்தடிச்சா பாதிதான் கேக்கும். ஆனாலும் எட்டு வருஷப் பிரசங்கத்துல பாதி நானும் கேட்டிருக்கேன். ஒரு கதை சொல்வாரு ஃபாதர். திராட்சைத் தோட்டக்காரரு, காலையில ஆளு கூப்புடுறாரு, மத்தியானம் கூப்புடுறாரு, பொழுது சாயுற நேரத்துல மறுபடியும் கடைத்தெருவுக்கு வர்றாரு. அங்க அப்பவும் சில பேரு நிக்கிறான். ஏம்பா நாள் முழுக்க சும்மா நிக்கிறீங்கன்னு கேக்குறாரு. அதுக்கு அவனுங்க என்ன சொல்றானுங்க?"

அனிதாவுக்குத் தெரியும். வகுப்பில் நூறு முறை சொல்லியிருக்கிறாள்.

"எங்கள யாரும் கூப்பிடலன்னு சொல்றானுங்க" என்றான் செம்பியன். "கூலியப் பத்திதான் ஃபாதர் பேசுவாரு. கடைசியில வந்தவனுக்கும் முழுக்கூலின்னு. எனக்கு அந்த எடம்தான் மனசுல நின்னுச்சு."

"அத்தைக்கு வாக்கு குடுத்திருந்தேன்." கடைசியில் அது வெளியே வந்துவிட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடி. மாத்த மாட்டேன்னு."

அவன் திரும்பிப் பார்த்தான். சிரிக்க முயன்றான், இருமல் வந்தது. "எங்கம்மாவா? சரிதான். ரெண்டு பொம்பளைங்க சேந்து என்ன வெயில்ல நிக்க வெச்சிட்டீங்க."

"கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

"தெரியல. வராமலும் இருந்திருப்பேன். ஆனா கேட்டிருந்தா உக்காந்து யோசிச்சிருப்பேன்ல. யோசிக்கிறதுக்காவது ஒரு ஆளுன்னு என்ன மதிச்சிருப்பல்ல." பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில், "வாக்குக்காக மட்டும்தானா?" என்றான்.

"இல்ல. பயம்."

"என்ன பயம்? சிரிச்சிடுவேன்னா?"

"எனக்காக சரின்னு சொல்லிடுவீங்கன்னு. சாம்பார் போதும்னு சொல்ற மாதிரி."

"சொல்லியிருப்பேன்தான்" என்றான்.

ஊசி போட நர்ஸ் வந்து போனாள். அவன் கையைத் தேய்த்துக்கொண்டே, "சரி, சொல்லு" என்றான். "டீச்சர் மாதிரி வேணாம். உன் சாமிகிட்ட உனக்கு என்ன கெடைக்குது? அங்க போய் உக்காந்துட்டு வர்றப்ப உம் மொகம் ஒரு மாதிரி இருக்கும். அது என்ன?"

அனிதா பதிலைத் தேடினாள். பாடப்புத்தகத்தில் இருந்த எதுவும் கைக்கு வரவில்லை.

"நெறைய நாள் ஒண்ணும் கெடைக்காதுங்க. அப்பா செத்தப்ப, அருளுக்கு முன்னாடி அந்தக் கரு கலைஞ்சப்ப, கோயில்ல போய் உக்காந்தா செவுத்தப் பாத்து உக்காந்த மாதிரி இருக்கும். யாரும் இருக்குற மாதிரியே தெரியாது. ஆனா எழுந்து வர மனசு வராது. நீங்க வெளிய நிப்பீங்கல்ல, அது மாதிரி. உள்ளேருந்து யாரும் உங்களப் பாக்கல, பேசல. ஆனாலும் போக மாட்டீங்க. ஏன்னா உள்ள உங்களுக்கு வேண்டியவ இருக்கா. அப்புறம் என்னைக்காவது ஒரு நாள், பாதிப் பாட்டுல, அவரும் எனக்காக எங்கயோ நின்னுக்கிட்டே இருந்தாருன்னு தோணும். அவ்ளோதான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அன்று சாயங்காலம் முழுவதும் அவன் கேட்டான், அவள் சொன்னாள். சிலுவையில் தொங்கியவர் ஏன் கடவுளையே பார்த்துக் கைவிட்டீரே என்று கேட்டார் என்றான். தனக்கும் அது புரிந்ததில்லை என்றாள். சுனாமி அன்று தூக்கிய ஒரு குழந்தையைப் பற்றி, இத்தனை வருஷமாக அவளிடம் சொல்லாததை, அவன் சொன்னான். அந்தக் குழந்தையின் கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை இருந்தது. அதற்கு என்ன பதில் என்றான். அவள் அழுதாள். அவனும் அழுதான். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

"இப்ப கேளு" என்றான் கடைசியில்.

"என்ன?"

"கேக்காம விட்டத."

அனிதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவனிடம் பேசுகிற மாதிரி வெட்கமாக இருந்தது. "எங்க ஆண்டவர்கிட்ட வர்றீங்களா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். உடனே ஆமென்று சொல்லிவிடுவான் என்று அவள் பயந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று துடித்தாள்.

"யோசிச்சி சொல்றேன்" என்றான் செம்பியன். "உனக்காக இல்லாம எனக்காக யோசிக்கணும். ஒரு நாள் ரெண்டு நாள் டைம் குடு, டீச்சர்."

டைம் கிடைக்கவில்லை. மறுநாள் பேச்சுக் குழறியது. யாரோ ஒரு ரைஸ்மில்காரரோடு சுவரைப் பற்றி வாதாடினான். "நவுறாதீங்க, நவுறாதீங்க" என்றான். அனிதா அவன் கையை நகராமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாள் பொழுது நன்றாக விடிந்த பிறகு, ஞானாம்பாள் கோயிலிலிருந்து இன்னும் வந்து சேராத நேரத்தில், மூச்சு நின்றது.

கடலூரிலிருந்து பாத்திமா மேரியும் அருள்மொழியும் வந்தார்கள். மஞ்சக்குப்பம் கோயில் இருதயராஜ் ஃபாதரும் கூடவே வந்திருந்தார். பிரேதத்தை ராஜமாணிக்கம் வீட்டுக்குக் கொண்டுபோய், கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பாத்திமா மேரி அழுது முடித்ததும் மகளைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஃபாதரையும் அழைத்தாள்.

"நீ தண்ணி ஊத்துனது நெசம்தானே? வார்த்த சொன்னது நெசம்தானே? அப்புறம் என்ன? கடலூருக்குக் கொண்டுபோயிடலாம். உங்கப்பா பக்கத்துல எடம் இருக்கு. நாளைக்கி நீயும் அங்கதானடி வருவ. இவுங்க எரிச்சிட்டா நீ எங்க போய் மெழுகுவத்தி ஏத்துவ?"

கல்லறைத் திருநாளன்று சுண்ணாம்பு அடித்து, சாமந்தி தூவி, அப்பாவின் கல்லறைமேல் மெழுகுவர்த்தி வரிசை வைக்கும்போது, செம்பியன்தான் காற்றுக்குக் கை மறைத்து நிற்பான். அவன் கைக்குள் எரிந்த சுடர் அவளுக்கு நினைவு வந்தது.

ஃபாதர் மெதுவாகக் கேட்டார்: "அவரு கேட்டாராம்மா?"

கேட்டார் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவர் நம்புவார். அம்மா வாழ்நாள் முழுக்கச் சந்தோஷமாக இருப்பாள். அருள்மொழிக்குப் பிரவீணாவிடம் சொல்ல ஒரு பதில் கிடைக்கும். தனக்கு அவன் பக்கத்தில் ஓர் இடமும் கிடைக்கும்.

"யோசிச்சி சொல்றேன்னு சொன்னாரு, ஃபாதர்."

இருதயராஜ் ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது சின்ன வார்த்தை இல்லம்மா. கடவுளத் தேட ஆரம்பிச்ச மனுஷன கடவுள் பாதி வழியில விட்டுட மாட்டாரு. நீ ஊத்துன தண்ணியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவரு அந்த மாதிரி சொல்லியிருந்தா, நம்ம எடத்துல அடக்கம் பண்ண நான் அனுமதி வாங்கித் தர முடியும். அவுங்க வீட்டுல ஒத்துக்கணும். நீயும் வேணும்னு சொல்லணும்."

ஞானாம்பாள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அப்போதுதான் பார்த்தார்கள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. அனிதா அவள் எதிரில் போய் நின்றாள்.

"அத்தை, அன்னைக்கி துன்னூற கழுவுனது வேர்வைக்காக இல்ல."

"தெரியும்" என்றாள் ஞானாம்பாள். "மொகம் கழுவுனா தலகாணியா நனையும்? புள்ள பொழைக்கணும், யாரு எந்தத் தண்ணிய ஊத்துனா என்ன. நானும்தான் வேளாங்கண்ணி எண்ணெ வாங்கியான்னு பெரியவன அனுப்பினேன். அவன் வாங்கியாந்தப்ப இவனுக்கு முழுங்க முடியல." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எனக்கு கொள்ளி வெக்க வேண்டியவன் கெடக்குறான். இனிமே எந்த மண்ணுல வெச்சா எனக்கென்ன. உம் புருஷன். நீ சொல்றதுதான்."

எல்லோரும் அனிதாவின் முகத்தைப் பார்த்தார்கள். ஜெராக்ஸ் கடை ஓரமாக நில்லுங்கள் என்று அவள் சொன்ன அந்தப் புத்தாண்டுக் காலையில் அவன் பார்த்ததுபோலவே இருந்தது.

"அவரு இன்னும் பதில் சொல்லல" என்றாள் அனிதா. "அவரு கேக்காம ஒரு தடவ நான் பேசிட்டேன். அது போதும். அவரு பொறந்த வீட்டு வழக்கப்படியே செய்ங்க, அத்தை."

பாத்திமா மேரி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃபாதர் கூடத்துக்குப் போய், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, செம்பியனின் தலைமாட்டில் சத்தமில்லாமல் ஒரு ஜெபம் சொன்னார். யாரும் தடுக்கவில்லை. வாய்க்கரிசி போடுகிற நேரத்தில், தாலியைப் பற்றி யாரோ ஒரு கிழவி பேச்செடுத்தாள். "அது அவுங்க கோயில்ல கட்டுனது. அதுல யாரும் கை வெக்காதீங்க" என்று ஞானாம்பாள் ஒரே பேச்சில் நிறுத்தினாள்.

மத்தியானம் பாடை கிளம்பியது. பறைச்சத்தம் தெருவை அடைத்துக்கொண்டு முன்னால் போயிற்று. பெண்கள் முச்சந்திவரை நடந்தார்கள். அதற்குமேல் பெண்கள் போகிற வழக்கமில்லை. அங்கே ஒரு குடம் உடைந்தது. பாடை வாய்க்கால் பக்கம் திரும்பியது. பெண்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பினார்கள், தலை முழுக. பாத்திமா மேரி பேத்தியின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

அனிதா திரும்பவில்லை. முச்சந்தியில் ஒரு மின்கம்பம், அதன் பக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு பெட்டிக்கடை. அதன் ஓரமாகப் போய் நின்றாள். வெயில் நேராக இறங்கியது. கடலூரிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து இடுப்பில் செருகி வைத்திருந்த அவனுடைய வண்டிச் சாவி விரலில் தட்டியது. எடுத்தாள். சுழற்றத் தெரியவில்லை, உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

"வா, வூட்டுக்குப் போலாம். இங்க நிக்கக் கூடாது" என்றாள் ஞானாம்பாள்.

"நீங்க போங்க அத்தை. முடியிறவரைக்கும் நான் நிக்கிறேன்."

ஞானாம்பாள் தெருவைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அவளும் பக்கத்தில் வந்து நின்றாள்.

வேலிகாத்தான் முள்புதருக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. காற்று திரும்பும்போதெல்லாம் பறைச்சத்தம் அறுந்து அறுந்து, பாதி மட்டும் கேட்டது.